எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் நோன்பு

ஒன்றுமே தெரியாதவனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் இருப்பான். ஒரேயொரு விஷயம் மட்டும் நன்றாகத் தெரிந்தவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்துக் காரியம் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல வந்துவிடுவான். இதை நான் எங்கும் படித்துச் சொல்லவில்லை. நானே அந்த ஆள்.

எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் விமானத் தூரம். புத்தளம் நகரத்தில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சின்ன ஏஜென்சி ஒன்றில் அப்போது எனக்கு வேலை. சுவரில் ஒரு பெரிய உலகப்படம் இருந்தது. முதலாளி அலங்காரத்துக்கு மாட்டியது. நான் அதைப் பாடம் பண்ணிவிட்டேன். கொழும்பு – ரியாத் ஐந்தரை மணித்தியாலம். கொழும்பு – மெல்பேர்ன் பத்தரை. டொரொண்டோவிலிருந்து சிட்னிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், "பதினையாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்" என்று பதில் வரும். (யாரும் கேட்கவில்லை. புத்தளத்தில் யாருக்கு டொரொண்டோவிலிருந்து சிட்னிக்குப் போகிற தேவை? நானாகத்தான் சொல்வேன்.)

ஒருநாள் ஒரு வயசாளி உள்ளே எட்டிப் பார்த்து, "தம்பி, எலுவன்குளம் பஸ் எத்தின மணிக்கு?" என்று கேட்டார். தெரியவில்லை. "அது ஒரு கிட்டத்துப் பயணம் பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன், ஏதோ அது என் தகுதிக்குக் குறைந்த கேள்வி மாதிரி. அவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுத் திரும்பி வந்து, என் மேசைக்கு எதிரே இருந்த கதிரையில் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

எனக்குச் சொந்த ஊர் மதுரங்குளி. கலியாணம் முடித்துத் தில்லையடிக்கு, பெண் வீட்டுக்கு வந்தவன். மாமா, அதாவது என் மனைவி பாஹிமாவின் வாப்பா, சைக்கிள் கடைக்காரர். வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறி வந்தவர்களில் ஒருவர். அதிகம் பேசமாட்டார். ஒரு சைக்கிளை நிமிர்த்தி வைத்துச் சில்லைச் சுற்றிவிட்டு, அது எங்கே நெளிகிறது என்று கண்ணாலேயே கண்டுபிடிப்பார். என்னையும் ஐந்து வருடமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சாப்பிட்டாச்சா?"

வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு அது போதாது ஐயா. கூரைக்கு ஓடு வாங்கினாலும் கிணற்றுக்கு மோட்டார் வாங்கினாலும் மாமா பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் யோசனை கேட்பார். நான் நடுவீட்டில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பேன். இந்த மனுசன் என்னை ஒரு ஆளாக மதித்து ஒரேயொரு விஷயம் கேட்டுவிட மாட்டாரா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருக்கும் மச்சான் ரிஸ்வானுக்குப் பிள்ளை பிறந்தது. மாமாவுக்கு முதல் பேரப்பிள்ளை. "வாப்பா வந்து பாக்கணும்" என்று மச்சான் விசாவுக்கு எழுதினான். மாமாவுக்கு ஆங்கிலத்தில் 'நோ' என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். அதனால் துணைக்கு ஆங்கிலம் தெரிந்த ஆளாக நான். (என் ஆங்கிலம் முழுவதும் டிக்கெட்டில் அச்சடித்திருக்கிற ஆங்கிலம். அது வேறு கதை.) விசா கிடைத்து, நாள் குறித்து, டிக்கெட் எடுத்துப் பார்த்தால் பயணம் நடு ஜூன் மாதத்தில், நோன்பு நடுவில் வந்து விழுந்தது.

பயணிக்கு நோன்பை விடலாம். பிறகு ஒரு நாளில் அதை அடைத்துக்கொள்ளலாம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். பள்ளிவாசல் மௌலவியும் மாமாவிடம் அதைத்தான் சொன்னார். ஆனால் மாமா பதினொரு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை. கற்பிட்டியில் வந்து இறங்கி ஓலைக் கொட்டிலில் கிடந்த முதல் வருடம், ஒரு குவளைத் தண்ணீரை வீட்டோடு பங்குவைத்து நோன்பு துறந்தவர். காய்ச்சலில் பிடித்திருக்கிறார், கால் முறிந்தபோதும் பிடித்திருக்கிறார். வீடு போய், தோணி போய், ஊரும் போன பிறகு அவரிடம் முழுசாக மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதை ஒரு விமானத்துக்காக விடுவதா?

அன்று தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து, மாமா என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மருமகன், ஒரு விசயம் கேக்கணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பிளேன்ல போற அண்டைக்கு நோன்பு எவ்வளவு நேரம் வரும்?"

ஐந்து வருடத்துக்குப் பிறகு கேட்கிறார். அதுவும் என் பாடத்திலேயே கேட்கிறார். "எனக்குத் தெரியாது மாமா, மச்சானிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் பேனையையும் கடதாசியையும் எடுத்தேன்.

"மாமா, கொழும்பிலிருந்து லண்டன் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். பதினொரு மணித்தியாலம். பகல் ஒரு மணிக்கு ஏறுறோம். அங்க போய் இறங்கேக்க அவங்கட மணிக்கூட்டில ஏழரை. பாத்தீங்களா? பதினொரு மணித்தியாலப் பயணம், ஆனா மணிக்கூட்டில ஆறரை மணித்தியாலம்தான் போகுது. நாலரை மணித்தியாலம் எங்களுக்கு லாபம்."

இது ஏஜென்சியில் நான் எல்லோருக்கும் சொல்கிற வசனம். போகும்போது நாலரை மணித்தியாலம் லாபம் என்று சொன்னால் வாடிக்கையாளர் முகம் மலரும்.

"அப்ப நோன்பு?"

"அதுக்குத்தான் வாறன். இஞ்ச சூரியன் மறையிற மஃரிப் ஆறு இருபத்தெட்டு. அந்த நேரம் பிளேன் பாதி வழியில. பாதி வழி எண்டா லாபத்திலயும் பாதி. ரெண்டே கால் மணித்தியாலம். ஆறு இருபத்தெட்டில ரெண்டே காலைக் கழிச்சா..." நான் கழித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் கழித்ததில்லை. "நாலு பதின்மூண்டு! எங்கட மணிக்கூட்டில பின்நேரம் நாலு பதின்மூண்டுக்கு நோன்பு துறக்கலாம் மாமா."

"வீட்டில இரிக்கிறதை விடக் குறைவா?"

"ரெண்டே கால் மணித்தியாலம் குறைவு."

மாமா கொஞ்ச நேரம் என் கடதாசியைப் பார்த்தார். சைக்கிள் சில்லைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு தலையை ஆட்டினார்.

"படிச்ச ஆக்கள் படிச்ச ஆக்கள்தான்" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் காலையில் ஏஜென்சிக்குப் போய் அந்தக் கணக்கைக் கணினியில் அடித்து, நடுவில் ஒரு சின்ன விமானப் படமும் போட்டு, லமினேட் பண்ணினேன். ஒன்று மாமாவுக்கு. ஒன்று எனக்கு. மூன்றாவதைப் பள்ளி விளம்பரப் பலகையில் குத்தினேன். 'லண்டன் செல்லும் நோன்பாளிகள் கவனத்திற்கு.' கீழே என் பெயர், ஏஜென்சி இலக்கம். தில்லையடியில் அந்த நோன்பில் லண்டன் போக இருந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவர் மாமா, மற்றவர் நான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மௌலவி அதன் முன்னால் நின்று வாசித்தார். தாடியைத் தடவினார். "பூகோளம் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா மணிக்கூட்டைப் பாத்துத் துறக்காதீங்க. சூரியன் மறையிறதைக் கண்ணால பாத்துத் துறங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. படிக்காத கதை கதைக்கிறாரே என்று நினைத்தேன். அவர் அரபு மத்ரஸாவில் ஏழு வருடம் படித்தவர். நான் சுவரில் தொங்கிய ஒரு படத்தைப் படித்தவன்.

பயண நாள் சஹருக்கு, விடியுமுன் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு, மாமி சோறும் மீன் ஆணமும் வைத்தார். மாமா வழமைபோல் பாதிதான் சாப்பிட்டார். நானும் பாதிதான் சாப்பிட்டேன். நாலு பதின்மூன்றுக்கு முடியப் போகிற நோன்புக்கு எதற்கு மூட்டை கட்ட வேண்டும்? சஹர் முடியும் நேரம் நாலு இருபத்தைந்து. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேன் உப்பளத்தைத் தாண்டும்போது இரண்டு புத்தளத்துக் கழுதைகள் வீதியின் குறுக்கே நின்று எங்களையே பார்த்தன. சாரதி ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. அவை இரண்டும் நானுமாக அந்த மூன்று பேரில் யாருக்கு அதிகம் புத்தி என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

விமானத்தில் மாமாவுக்கு ஜன்னல் ஓரம், இடது பக்கம். எழும்பியதும் முன்னால் இருந்த சின்னத் திரையில் உலகப்படம் வந்தது. அதில் எழுத்து ஓடியது: மிச்சத் தூரம் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். மிச்ச நேரம் பதினொரு மணித்தியாலம்.

"பாத்தீங்களா மாமா!" என்று கத்தியே விட்டேன். முன் கதிரைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்ன அதே கணக்கு!"

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமா. சீட்டுப் பட்டியை இறுக்கிக்கொண்டு முதல்முறையாக என்னைப் பார்த்து முழுசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்து ஊர்களின் தூரத்தைச் சொல்லியிருப்பேன். சொன்னேன்.

நாலு மணிக்கு நான் ஈச்சம்பழப் பெட்டியைத் திறந்தேன். மடிமேசையை இறக்கி, கைத்துண்டு விரித்து, ஆளுக்கு மூன்று பழம் வைத்தேன். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் தளர்த்தி வைத்தேன். நாலு பத்து. நாலு பன்னிரண்டு. மாமா ஜன்னல் மறைப்பை மேலே தள்ளினார்.

வெள்ளை வெளேர் என்று வெயில் உள்ளே கொட்டியது. என் கண் கூசியது.

"மருமகன்" என்றார் மாமா அமைதியாக. "சூரியன் உச்சியில நிக்கிது."

நான் குனிந்து பார்த்தேன். நின்றது. தில்லையடியில் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது எப்படித் தலையில் சுடுமோ அப்படி நின்றது.

"நாங்க மேகத்துக்கு மேல இரிக்கிறோம் மாமா. உயரத்தில கொஞ்சம் பிந்தித்தான் மறையும்."

"எவ்வளவு பிந்தும்?"

"ஒரு... அரை மணித்தியாலம்."

மாமா ஈச்சம்பழங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். தஸ்பீஹ் மாலையை எடுத்தார்.

அரை மணித்தியாலம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. பணிப்பெண்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கோழியா மீனா என்று கேட்டார்கள். நான் இரண்டும் வேண்டாம் என்றேன். வாசனை மட்டும் போகாமல் நின்றது. பிறகு விளக்குகளை அணைத்து, எல்லா ஜன்னல்களையும் மூடச் சொன்னார்கள். எல்லோரும் மூடினார்கள், மாமாவைத் தவிர. இருட்டு விமானத்தில் எங்கள் வரிசையில் மட்டும் ஒரு வெயில். பக்கத்து வரிசை வெள்ளைக்காரி முகத்தில் போர்வையைப் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னாள். அது நபியை வாழ்த்துகிற ஸலவாத் இல்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

பணிப்பெண் வந்து குனிந்தாள். ஜன்னலை மூட முடியுமா என்று கேட்டாள்.

"நோ" என்றார் மாமா.

நான் என் டிக்கெட் ஆங்கிலத்தில் விளக்கினேன். இவர் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும், மறைந்தால்தான் சாப்பிடலாம். அவள் இலங்கைப் பெண்தான், சிங்களப் பிள்ளை. நல்ல மனசு. உடனே விளங்கிவிட்டது. நான் அந்தத் துணிவில் கேட்டேன்: "சூரியன் எத்தனை மணிக்கு மறையும்?"

அவள் பாவமாக என்னைப் பார்த்தாள். "இந்தப் பயணத்தில் மறையாது, சேர்" என்றாள்.

சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவள் திரும்பவும் சொன்னாள். விமானம் மேற்கே போகிறது, சூரியனும் மேற்கே போகிறது, நாங்கள் அதைத் துரத்திக்கொண்டு போகிறோம். இறங்கும்போதும் லண்டனில் வெயில் அடிக்கும். இப்போது கோடை காலம், அங்கே ஒன்பது இருபதுக்குத்தான் சூரியன் மறையும்.

ஒன்பது இருபது. எனக்குப் பிறந்த நாளிலிருந்து சூரியன் ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில்தான் எங்கள் ஊர்க் கடலேரியான களப்புக்குள் இறங்கியிருக்கிறது. வேறு நேரத்தில் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவர்ப்படத்திலும் அது இல்லை.

கையில் கடதாசி இல்லை, ஆனாலும் இந்தமுறை கணக்குச் சரியாக வந்தது. அங்கத்திய ஒன்பது இருபது என்றால் எங்கள் மணிக்கூட்டில் நடுச்சாமம் கடந்து ஒன்று ஐம்பது. சஹர் நாலு இருபத்தைந்து. இருபத்தொரு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிடம். லாபமாக வந்த நாலரை மணித்தியாலத்தில் பாதியை நான் கழித்திருக்கிறேன். அதை முழுசாகக் கூட்டியிருக்க வேண்டும். மணிக்கூட்டைப் பின்னால் திருப்பலாம், வயிறு திரும்பாது.

"என்னவாம்?" என்றார் மாமா.

பொய் சொல்லத் தெம்பில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் இரண்டு தடவை "மன்னிச்சிக்கங்க மாமா" என்றேன். "நாங்க பயணிகள்தானே, விட்டுட்டுப் பிறகு அடைக்கலாம், சட்டம் இரிக்கு" என்றும் சொன்னேன்.

மாமா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது.

"நீங்க வேணுமெண்டா விடுங்க மகன். தப்பில்ல. நான் மனசில நிய்யத் வெச்சிட்டன், நான் போறன்."

இவ்வளவு பெருந்தன்மையாக ஒருவர் கதவைத் திறந்துவிட்டால் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வெளியே போவான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நெஞ்சை நிமிர்த்தி, "சேச்சே, நீங்க பிடிக்கேக்க நான் விடுறதா? நானும் பிடிக்கிறன்" என்றேன்.

மணிக்கூடு ஆறு இருபத்தெட்டைக் காட்டியது. தில்லையடியில் பாங்கு சொல்லியிருப்பார்கள். பாஹிமா கஞ்சிக் கோப்பையை எடுத்திருப்பாள். தேங்காய்ப்பால், இஞ்சி, மேலே கொஞ்சம் வறுத்த வெங்காயம்... வேண்டாம், இப்போது எழுதினாலும் பசிக்கிறது. திரைப் படத்தில் கறுப்பு நிழல் இலங்கையை மூடிவிட்டது. அது எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் மட்டும் வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். எட்டரைக்குத் தராவீஹ் தொடங்கியிருக்கும். மாமா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்த மனுசனுக்கு ஏதாவது ஆனால் பாஹிமாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தேன். (அப்படி நினைத்துக்கொண்டே ஒன்பது மணிக்கு நான் செய்த காரியம்தான் இனி வருவது. என் மனைவி நான் எழுதுவது எதையும் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

கழிவறைக்கு என்று எழும்பினேன். போகிற வழியில் பணிப்பெண்கள் நிற்கிற சமையல் இடம். அந்த நல்ல மனசுப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். "சேர், ஏதாவது?" என்றாள். என் கண் தட்டில் இருந்த பணிஸை, அந்த உருண்டை ரொட்டியைப் பார்த்தது. அவள் அதில் ஒன்றையும், பட்டர் கட்டியையும், ஒரு கிளாஸ் தோடம்பழச் சாற்றையும் என் கையில் தந்தாள். நான் பயணி, எனக்கு அனுமதி இருக்கிறது என்று மனதுக்குள் பத்வாச் சொல்லிக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

அனுமதியுள்ள ஒரு காரியத்தைக் களவாகச் செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். மூடிய கழிவறை ஆசனத்தின் மேல் உட்கார்ந்து, கத்தி இல்லாததால் பட்டரை விரலால் தேய்த்து, இரண்டு கடியில் பணிஸை முடித்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "வாறன் வாறன்" என்று வாய் நிறையப் பணிஸோடு தமிழில் கத்தினேன். முகம் கழுவி, வாய் கொப்பளித்து, நோன்பாளியின் சோர்வை முகத்தில் ஒட்டிக்கொண்டு கதிரைக்குத் திரும்பினேன். மாமா கண் திறக்கவில்லை.

உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அந்தப் பெண் வந்தாள். கையில் தட்டு. தட்டில் இரண்டாவது பணிஸ்.

"சேர், இன்னும் ஒன்று எடுங்க. முதலாவது சின்னது" என்றாள், நல்ல தெளிவான தமிழில். இவ்வளவு நேரமும் ஆங்கிலம் பேசியவளுக்கு அந்த ஒரு வசனத்தை மட்டும் தமிழில் பேச வேண்டும் என்று ஏன் தோன்றியதோ!

மாமா கண்ணைத் திறந்தார். பணிஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். மூன்று துணுக்குப் பணிஸ் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"நோ" என்றார் மாமா அவளிடம். "அவரு நோன்பு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் குழம்பிப் போய்த் தட்டோடு திரும்பினாள். அந்த விமானம் அப்படியே கடலுக்குள் இறங்கினால் நல்லது என்று நினைத்தேன். உடனே மன்னிப்புக் கேட்டுத் தௌபாவும் செய்துகொண்டேன், மற்ற இருநூற்றுச் சொச்சம் பேர் என்ன பாவம் செய்தார்கள்?

லண்டனில் இறங்கும்போது அவர்கள் நேரம் ஏழரை. நல்ல வெயில். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றோம். கடவுச்சீட்டுப் பார்த்த அதிகாரி, மாமாவின் காய்ந்த உதட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மாமா அதற்கும் 'நோ' சொன்னார். வெளியே ரிஸ்வான் நின்றான். வாப்பாவைக் கட்டிப்பிடித்தான். பிறகு என்னிடம் வந்து, "மச்சான், அந்த லமினேட் பண்ணினதைப் பாஹிமா போட்டோ எடுத்து அனுப்பினா" என்றான். "நான் பாக்க முந்தியே நீங்க ஏறிட்டீங்க. கழிக்கிறதில்ல மச்சான், கூட்டுறது."

வீட்டில் மேசை நிறையச் சாப்பாடு. மச்சானின் மனைவி, மாமாவின் மருமகள், பிள்ளையைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தாள். அவர் முகத்தில் பசி இல்லை. பேரப்பிள்ளையின் நெற்றியை முகர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே, எதிர் வீட்டுப் புகைக்கூட்டின் பின்னால் சூரியன் கடைசியாக ஒருவழியாகப் போனது. தில்லையடியில் மறுநாள் சஹருக்கு எழும்ப இன்னும் கொஞ்ச நேரமே இருக்கையில் நாங்கள் நேற்றைய நோன்பைத் துறக்கப் போனோம்.

மாமா முதல் ஈச்சம்பழத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"முதல்ல மருமகன். வழி முழுக்க எனக்குத் துணையா வந்தவரு."

மச்சானும் மருமகளும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் அந்தப் பழத்தை வாங்கி வாயில் போட்டேன். அவ்வளவு கசப்பான ஈச்சம்பழத்தை நான் தின்றதில்லை. அது முதல்தரமான மதீனாப் பழம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெருநாளுக்கு அடுத்த நாள் விடியச் சாமம் இரண்டு மணிக்கு யாரோ தோளைத் தட்டினார்கள். மாமா. கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி, ஒரு பாண் துண்டு.

"எழும்புங்க மகன். ஒரு நோன்பு அடைக்க இரிக்கில்லயா?"

"ஊருக்குப் போய் அடைக்கிறன் மாமா" என்றேன் போர்வைக்குள்ளிருந்து. "அங்க பதினாலு மணித்தியாலம்தான்."

"லண்டன் வழியில விட்டது. லண்டன்லயே அடைச்சிருவம். நீங்க தனியாப் பிடிச்சா பிள்ளைகள் ஏன் எண்டு கேப்பாங்க. நானும் பிடிக்கிறன்."

லண்டனிலேயே அடைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழும்பினேன்.

விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் நோன்பு என்று மருமகள் அறிந்துகொண்டாள். பெருநாளுக்குப் பிறகு வருகிற, கட்டாயமில்லாத ஆறு சுன்னத்து நோன்பையும் பிடிக்கத் தொடங்கிவிட்டோம் என்று அவளாக முடிவு செய்தாள். உடனே தில்லையடிக்குத் தொலைபேசி. "மதினி, உங்கட மாப்பிள்ளை இஞ்ச ஆறு நோன்பும் பிடிக்கிறாரு!" பாஹிமா சந்தோசத்தில் அழுதுவிட்டாளாம். மாமி ஊருக்கே சொல்லிவிட்டாராம். ஒன்றோடு எப்படி நிறுத்துவது? கடன் ஒன்று, சுன்னத்து ஆறு. ஜூலை மாத லண்டனில், ஒரு நாளைக்குப் பத்தொன்பது மணித்தியாலம் வீதம், ஏழு நாள் நோன்பு பிடித்தேன். ஒரு பணிஸுக்கு! மாமா ஏழு நாளும் கூடவே இருந்தார். ஒரு நாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது பள்ளி விளம்பரப் பலகையிலிருந்த அறிவித்தலை யாரோ கழற்றியிருந்தார்கள். கதை மட்டும் கழலவில்லை. இன்றைக்கும் நான் வீட்டில் எந்த இலக்கத்தைச் சொன்னாலும், அரிசி எத்தனை கிலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் எத்தனை பாகை என்று எதைச் சொன்னாலும், பாஹிமா தலையைத் திருப்பாமலே கேட்பாள்: "கூட்டினதா, கழிச்சதா?" என் பிள்ளைகளும் இப்போது அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்கிறார்களாம்.

போன வருடம் மாமா மக்காவுக்கு, உம்ராவுக்குப் போக ஆயத்தமானார். துணைக்கு யார் என்று பேச்சு வந்தது. வீடு நிறைய ஆட்கள். நான் வழமைபோல் ஒரு மூலையில் இருந்தேன். தொண்டையைச் செருமவில்லை.

"மருமகன் வரட்டும்" என்றார் மாமா.

"வாப்பா! திரும்பவும் இவரோடயா?" என்று பாஹிமா தலையில் கை வைத்தாள். "ஜித்தா எத்தின மணித்தியாலம் எண்டு கேட்டா, இவரு உங்களை எங்கயோ கொண்டு போய் விடுவாரு."

"கணக்கை நான் பாத்துக்கிறன் மகள்" என்றார் மாமா. "பயணத்துக்குக் கூட வாறவனுக்குக் கணக்குத் தெரிய வேணும் எண்டில்ல. களவு செஞ்சா சட்டையில தெரியணும்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மாமா பகிடி விட்டார் என்பதற்காகவே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் என் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கடவுச்சீட்டைத் தேட அலுமாரிப் பக்கம் போனேன்.